மூச்சு வாங்கும் பெரியவர் வீட்டில் இருக்கிறாரா?

காலை ஏழு மணிக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தால், பெயரைக் கூப்பிடும்போது பதினொன்று ஆகியிருக்கும். டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து மருந்து எழுதி முடிக்க ஐந்து நிமிடம். அடுத்த தேதி ஒரு மாதம் கழித்து. நடுவில் இருக்கிற முப்பது நாளும் அந்த நுரையீரல் வீட்டாரின் பொறுப்பு. இளைப்பு நோயோடு இருந்த என் அம்மாவை ஒன்பது வருடம் ஓ.பி.க்கு அழைத்துப் போய் வந்தவள் நான். அதில் கற்றதையும், டாக்டர்களும் நர்ஸ்களும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன். டாக்டர் சொன்னதை மாற்றிக்கொள்ள அல்ல, அவர் சொன்னது வீட்டில் ஒழுங்காக நடப்பதற்கு.

1. "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் மூச்சு வாங்குகிறது என்று சொல்வதில்லை. மூச்சு வாங்கும் வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். முதலில் மொட்டைமாடி, பிறகு கோயில், பிறகு தெருமுனைக் கடை. என் அம்மா பூஜைக்குப் பூப்பறிப்பதை நிறுத்தினாள். முட்டி வலி என்றுதான் நினைத்தோம். ஒருநாள் புடவைக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி ஏறி இறங்கின. அன்றுதான் புரிந்தது. போன பொங்கலுக்குச் செய்த எதை இந்தப் பொங்கலுக்குச் செய்யவில்லை என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல் அதுதான்.

2. "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள். வயது கூடினால் நுரையீரலின் பலம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவதும் வயது அல்ல, நோய். இளைப்பு என்றதும் நுரையீரல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். இதயம் பலவீனமானாலும், ரத்தச்சோகை இருந்தாலும் மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் திணறல், இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வது, கணுக்காலில் வீக்கம் இவை இருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

3. அம்மாவுக்கும் பாட்டிக்கும் இது. "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்பார். "இல்லை" என்று பதில் போகும். அதோடு நிறுத்தாமல், எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். கேஸ் அடுப்பு வருவதற்கு முன் என் அம்மா முப்பது வருடம் ஊதாங்குழலை வாயில் வைத்து ஈர விறகை ஊதியிருக்கிறாள். ஒரு சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருவதற்கு அந்தப் புகை முக்கியமான காரணம். அதேபோல் பஞ்சாலை, கல்குவாரி, அரிசி ஆலை என்று எங்கே வேலை பார்த்திருந்தாலும் சொல்லுங்கள்.

4. ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, சளியின் நிறம், இரவில் எத்தனை முறை எழுந்தார், அவசரத்துக்கு இன்ஹேலர் பஃப் எத்தனை முறை எடுத்தார். நான்கே விஷயம், நான்கு வரி. ஒரு மாதத்துச் சங்கதியை ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்ல முடியாது. நோட்டை டாக்டர் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார். அவரிடம் கேட்க நினைப்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

5. ஓ.பி.க்கென்று தனியாக ஒரு துணிப்பை இருக்கட்டும். பழைய சீட்டுகள், தேதிவாரியாக எக்ஸ்ரே (மடிக்கக் கூடாது), இன்ஹேலர், தண்ணீர் பாட்டில், சர்க்கரை நோய் இருந்தால் பிஸ்கெட், ஒரு முகக்கவசம். கூட இரண்டு பேர் போக முடிந்தால் நல்லது. ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் பெரியவரோடு உட்கார. ஓ.பி. ஹாலில் இருமுகிறவர்களில் யாருக்கு ஃப்ளூ, யாருக்குக் காசநோய் என்று தெரியாது. ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து முகக்கவசம் போட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். படியேறி வந்து இரைக்கிற மூச்சோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தவறாகக் காட்டும்.

6. மருந்துச் சீட்டு மட்டும் போதாது, வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் கொண்டுபோங்கள். கண் சொட்டு மருந்து, லேகியம் உட்பட. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்து சிலருக்கு இளைப்பை அதிகமாக்கும். கண்ணில் விடுகிற ஒரு சொட்டு நெஞ்சைத் தாக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "இதனால் இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

7. இன்ஹேலரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது அங்கேதான். பஃப் என்கிற பம்ப் வகையும், கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் பொடி வகையும் ஒன்றல்ல. பம்ப்பை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பொடியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

பம்ப் என்றால்: மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வாயில் பொருத்தி உதட்டை இறுக்கி, உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போது ஒரு அழுத்து. பிறகு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து முடியாவிட்டால் முடிந்தவரை. அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுங்கள், மறுபடி குலுக்குங்கள். கை நடுங்குகிறவர்களுக்கும், அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வராதவர்களுக்கும் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் எழுபது வயதைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் உட்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும்.

8. கேப்ஸ்யூல் வகை மருந்து பார்ப்பதற்கு மாத்திரை மாதிரியே இருக்கும். முதல் வாரம் அம்மா அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தாள். கவுன்ட்டரில் கொடுத்தவர்கள் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் சொன்னார்கள். அவள் அதைத்தான் செய்தாள். இளைப்பு குறையவே இல்லையே என்று ஒரு வாரம் மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் அந்த டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் "விழுங்கக் கூடாது, உறிஞ்ச வேண்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை டாக்டர் முன்னாலோ நர்ஸ் முன்னாலோ இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து வருடமாக எடுப்பவர்களுக்கும் தவறு வரும்.

9. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் படியும், குரல் கம்மும். பல் செட் இருந்தால் கழற்றிவிட்டுக் கொப்பளிக்கட்டும்.

10. "இன்ஹேலர் பழகிப்போகும், கடைசியில்தான் எடுக்கணும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். தப்பு. கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக வந்தால் 2 அல்லது 4 மில்லிகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 பஃப்புக்குச் சமம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும், கை நடுங்கும், படபடக்கும். பஃப் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது.

தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தையும், அவசரத்துக்கு எடுக்கும் மருந்தையும் தனித்தனி நிற ரிப்பன் கட்டி வைத்துவிடுங்கள். நன்றாக இருக்கிறது என்பதால் தடுப்பு மருந்தை நிறுத்துவதுதான் பலரைத் திரும்ப வார்டில் படுக்கவைக்கிறது. அது எடுப்பதால்தான் நன்றாக இருக்கிறார்.

11. மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி வேண்டாம், செகண்ட் முள் உள்ள கடிகாரம் போதும். பெரியவரிடம் சொல்லாமல், அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிறு எழும்பி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும். சாதாரணமாக 12 முதல் 20. 25 ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 30 ஆனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

12. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருப்பீர்கள். நடந்து வந்தவுடன் போட வேண்டாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சும் கருப்பு மருதாணியும் அளவைக் குழப்பும். ஆரோக்கியமானவருக்கு 95க்கு மேல் இருக்கும். நாள்பட்ட சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதுண்டு. அதனால் "இவருக்கு எவ்வளவு இருந்தால் சரி, எவ்வளவுக்குக் கீழே போனால் வர வேண்டும்?" என்று டாக்டரிடமே கேட்டு, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

13. பெரியவர்களின் நிமோனியா காய்ச்சல் இல்லாமலும் வரும். இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார், காரணமில்லாமல் தடுக்கி விழுகிறார், படுக்கையில் சிறுநீர் போய்விடுகிறது. தெர்மாமீட்டரில் 98 காட்டலாம். அப்படியும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

14. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்கெனவே இளைப்பு இருப்பதால் "பழைய இருமல்தான்" என்று விட்டுவிடுகிறோம், அதற்குள் காசநோய் ஒளிந்திருக்கலாம். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும், எச்சில் பயன்படாது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய்.

15. புகை. கொசுவர்த்திச் சுருளைப் பெரியவர் படுக்கும் அறையில் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அதை இரவெல்லாம் சுவாசிக்கிறோம். கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் மனது கேட்காது என்றால், அவரை வாசல் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுப் போட்டு, புகை போன பிறகு உள்ளே அழைத்து வாருங்கள். மிளகாய் தாளிக்கும்போதும் அப்படியே.

போகிக்கும் தீபாவளிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்ததில் சென்னையில் விமானங்கள்கூட இறங்க முடியவில்லை. அந்தக் காற்றைத்தான் நம் பெரியவர்களும் சுவாசித்தார்கள். போகிக்கு முதல் நாள் இரவே ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, வெயில் ஏறிப் புகை கலைந்த பிறகு திறந்துவிடுங்கள். அவசர மருந்து தீர்ந்துபோகவில்லையே என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள், பண்டிகை நாளில் ஓ.பி. இருக்காது.

16. பால்கனியில் புறா கூடு கட்டியிருந்தால் விரட்டி, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக் கழுவுங்கள், உலர்ந்ததைப் பெருக்காதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் ஒவ்வாமையாகி நுரையீரலைத் தழும்பாக்கிவிடக்கூடும். பூஞ்சை பிடித்த ஏர் கூலரின் அட்டையும் அதே வேலையைச் செய்யும்.

17. மூச்சு முட்டும் நேரத்தில் படுக்கவைக்காதீர்கள். நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேஜைமேல் இரண்டு தலையணை அடுக்கி, முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். சுற்றிக் கூட்டம் கூட வேண்டாம். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விடட்டும். அவரோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள், உங்கள் நிதானம் அவருக்குத் தொற்றிக்கொள்ளும். பனையோலை விசிறி இருந்தால் எடுங்கள். கன்னத்திலும் மூக்கிலும் படும் காற்று திணறலைத் தணிக்கும். கரண்ட் போன ஒரு ராத்திரி, அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் விசிறிக்கொண்டிருந்தேன். மருந்து வேலை செய்யும்வரை அவளைத் தாங்கிப் பிடித்தது அந்த விசிறிதான்.

18. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம், நெஞ்சு நோய்க்கு மருந்து அல்ல. கொதிக்கும் பாத்திரத்தைக் கை நடுங்கும் பெரியவர் முன்னால் வைத்துப் போர்வை மூடாதீர்கள், தொடை வெந்துபோகும். சுக்குக் கஷாயமும் ஆடாதோடையும் கொடுங்கள், ஆனால் இன்ஹேலருக்குப் பதிலாக அல்ல. என்ன கலந்திருக்கிறது என்று அட்டையில் எழுதாத ஆஸ்துமாப் பொடியை எத்தனை பேர் சொன்னாலும் வாங்காதீர்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் இவற்றையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, மூச்சின் வேகத்தையே குறைத்துவிடும்.

19. வயிறு நிரம்பினால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு முட்டும். மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுங்கள். இட்லி, பருப்பு சாதம், முட்டை என்று கொஞ்சமாக, ஆனால் புரதம் இருக்கும்படி. நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறுகிறதா? டாக்டரிடம் சொல்லுங்கள். உணவும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்குவது நிமோனியாவுக்கு வழி. இரண்டு வேளை பல் துலக்கி, இரவில் பல் செட்டைக் கழற்றி வைத்தால் அந்த ஆபத்து குறையும்.

20. ஃப்ளூ தடுப்பூசி வருடத்துக்கு ஒன்று. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் ஏறும் என்பதால், அக்டோபர் பிறப்பதற்குள் போட்டுவிடுவது நல்லது. நிமோகாக்கல் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள்.

21. நடக்கவிடுங்கள். மூச்சு வாங்குமே என்று உட்காரவைத்துவிட்டால் கால் தசை கரையும், அப்புறம் நான்கடிக்கே இரைக்கும். வீட்டுக்குள்ளேயே காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். வெளியே போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

22. வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இருந்தால், டாக்டர் சொன்ன லிட்டர்தான், சொன்ன மணி நேரம்தான். திணறுகிறாரே என்று குமிழைத் திருகிக் கூட்டாதீர்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு அளவு மீறினால் கரியமில வாயு தேங்கி, தலைவலி, மயக்கம், அசாதாரணத் தூக்கம் வரும். பூஜை விளக்கு, அடுப்பு, சிகரெட் எல்லாம் பத்தடிக்கு அப்பால். மூக்கு காய்ந்தால் எண்ணெய், வாசலின் தடவ வேண்டாம். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைக் கரண்ட் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

23. எங்கே காட்டுவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் நெஞ்சக நோய்ப் பிரிவு உண்டு. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது, 1928இல் தொடங்கி இன்றும் நெஞ்சக நோய்க்கென்றே நடக்கும் மருத்துவமனை. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறது. பல நோய்கள் சேர்ந்த பெரியவருக்கு எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் பார்த்துச் சரிசெய்ய அது உதவும்.

24. கடைசியாக, ஓ.பி. தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரங்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. உதட்டின் உட்புறமோ நாக்கோ நீலம் பாய்கிறது (மாநிறத்தவருக்கு வெளியே பார்த்தால் தெரியாது, உதட்டை விலக்கிப் பாருங்கள்). எழுப்பினால் எழாத தூக்கம், நெஞ்சு வலி, அவசர பஃப் எடுத்தும் குறையாத திணறல். இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவுடன் வாசல் விளக்கைப் போட்டு, ஓ.பி. பையை எடுத்து வாசலில் வையுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104. இந்த இரண்டு எண்ணையும், வீட்டு முகவரியையும், பெரியவரின் மருந்துப் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.